நெவென்கா தந்தியில் கை வைத்த ஞாயிறு

என் அண்ணன் மனைவி நெவென்காவுக்கு நோவி ஸாத் நகரத்தில் பிடித்த உணவகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கேபிள் தொழிற்சாலையின் கேன்டீனில் முப்பத்தோரு வருடம் சமைத்தவள். தினம் நானூறு பேருக்கு சூப்பு. நானூறு பேரும் குறை சொன்னார்கள், நானூறு பேரும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்கள். அவளை ஒரு மேசையில் உட்காரவைத்து வேறு யாரோ காய்ச்சிய சூப்பைக் கொண்டுவந்து வைத்தால், முதலில் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். அடுத்து, கொண்டுவந்தவரின் நகத்தை. சூப்பின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

இப்படிப்பட்டவள் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து ஏழு உணவகங்களில் மதியச் சாப்பாடு சாப்பிட்டாள் என்றால் காரணம் இல்லாமலா? மகள் செங்காவின் கல்யாணம்தான் காரணம்.

கல்யாணம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். செங்கா ஓக்னெனோடு ஒரே வீட்டில் குடியிருக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாவது மாடியில். இரண்டு பெட்டிகளோடு அவள் போன அன்று நெவென்கா வீட்டில் இல்லை, பல் மருத்துவரிடம் போயிருந்தாள். அதனால் அது போனதாகக் கணக்கில்லை என்பது அவள் கட்சி. பெண் என்றால் வாசல் வழியாகப் போகவேண்டும், வாத்தியக்காரர்கள் முன்னால் நிற்கவேண்டும், அந்தப் பாட்டு வாசிக்கவேண்டும்.

அந்தப் பாட்டை எங்கள் ஊரில் பெண் வீட்டு வாசலில் ஒரே ஒரு தடவை வாசிப்பார்கள். பெண் வாசலைத் தாண்டும்போது, தம்பூரிட்சா என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கிற ஐவர் குழுவின் தலைவர் மட்டும் முன்னால் வந்து, தாயின் காதருகே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக மீட்டுவார். மற்ற நால்வரும் இரண்டடி தள்ளி நிற்பார்கள். பாட்டு முடியும்வரை யாரும் பேசமாட்டார்கள். நெவென்காவின் கல்யாணம் தொண்ணூற்று மூன்றில் நடந்தது. பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத வருடம். மணப்பெண் பஸ் ஏறிப் போனாள், அவள் அம்மா பஸ் நிறுத்தம்வரை வந்து கையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அதைப் பற்றி நெவென்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறாள், அதுவும் பஸ்ஸைத் திட்டுவதற்காக.

தேலெப் பகுதியில் அவர்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்து மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. நடுவில் பச்சை இரும்புக் கதவோடு இவர்களின் ஒற்றைத் தள வீடு. கட்டடக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து கதவைத் தட்டுவார்கள். நெவென்கா திறக்காமலே பதில் சொல்லுவாள். "வித்துட்டா என் பொண்ணு லிஃப்டு வழியாவா போவா? போய்யா!"

எங்கள் வழக்கப்படி கல்யாண விருந்து மாப்பிள்ளை வீட்டாருடையது. மாப்பிள்ளை வீடு என்றால் போஸில்கா ஒருத்திதான். ஓக்னெனின் அம்மா, கணவனை இழந்தவள், அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. நாற்பது வருடமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருக்கிறது, அவர்களுடைய ரகசியங்களும். முதல் சந்திப்பிலேயே அவள் நெவென்காவின் தலையைப் பார்த்து, "சம்பந்தியம்மா, இதை வீட்டுலயே வெட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நெவென்கா, "ஆமா, கோழி வெட்டின கத்தரிக்கோல்தான். உங்க நாக்குக்கு வேணும்னா அனுப்பறேன்" என்றாள். அதிலிருந்து ஆரம்பம்.

கடைசியில் செங்கா இருவரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

"செப்டம்பர் பதினாலு கல்யாணம். இடத்தையும் வாத்தியக் குழுவையும் நீங்க ரெண்டு பேரும் சேந்து போய்ப் பாத்து முடிவு பண்ணுங்க. மே மாசக் கடைசிக்குள்ள. பெருசா ஒரு சண்டை வந்துச்சு, விருந்தே கிடையாது. ஒரு வியாழக்கிழமை பதிவு அலுவலகத்துல ரெண்டு சாட்சியோட கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். உங்க ரெண்டு பேருக்கும் போட்டோ வரும்."

"வாசல்?" என்றாள் நெவென்கா.

"வாசலும் கிடையாதும்மா. பாட்டும் கிடையாது. எதுவும் கிடையாது."

நெவென்காவின் முகம் அப்போது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். செங்கா அவளைப் போலவே சொன்னதைச் செய்கிறவள்.

அப்படித்தான் ஞாயிறுகள் ஆரம்பித்தன. நெவென்கா, என் அண்ணன் ரதிவோய், போஸில்கா, செங்கா, ஓக்னென், நடுவில் உட்கார நான். அண்ணன் வாய் திறந்தால் சாப்பிட மட்டும்தான்.

முதல் இடம் டான்யூப் கரையில் புதிய பாலத்துக்குக் கீழே. போன வருடம்வரை அங்கே படகு பழுதுபார்க்கும் கொட்டகை இருந்தது, இப்போது முழுக்கக் கண்ணாடி. பாடகி ஒருத்தி, பக்கத்தில் ஒரு மெஷின். அவள் வாயை மூடிய பிறகும் மெஷின் பாடிக்கொண்டிருந்தது. போஸில்காவுக்குப் பிடித்துவிட்டது. "நல்ல சத்தம்! கடைசி மேசைவரைக்கும் கேக்கும்." நெவென்கா சூப்பைத் திருப்பி அனுப்பினாள். "உள்ள நூடுல்ஸ் இருக்கு, சரி. அது கடையில வாங்கினதுன்னு அந்த நூடுல்ஸுக்கே தெரியுது" என்று பரிமாறியவரிடம் சொல்லி அனுப்பினாள்.

இரண்டாவது இடத்தில் சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் தரவில்லை, போனில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தட்டுகள் பெரியவை, அதில் இருந்தவை சிறியவை. ஒரு பெண் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதினாள். "இவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று நெவென்கா உரக்கக் கேட்டாள். பக்கத்து மேசையில் இருந்த கணினி வேலைக்கார இளைஞர்கள் எல்லோரும் திரும்பினார்கள். செங்காவுக்குத் தெரிந்தவர்கள். செங்கா மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். நெவென்கா குனிந்து பார்த்து, "யாரு மிதிச்சது?" என்றாள்.

மூன்றாவது, அக்கரையில் மீன் சூப்புக்குப் பேர்போன இடம். அங்கே குழுவில் இரண்டு பேர் மதியம் ஒரு மணிக்கே குடித்திருந்தார்கள், மற்ற மூன்று பேர் அவர்களைத் திட்டிக்கொண்டே வாசித்தார்கள். நாலாவது இடத்தில் சூப்பே கிடையாது. சூப்பு இல்லாத ஞாயிறு மதியம்! நெவென்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஐந்தாவது, போஸில்காவின் வாடிக்கையாளருடைய கடை. "என் பேரைச் சொன்னா விழுந்து விழுந்து கவனிப்பாங்க." யாரும் விழவில்லை. நாற்பது நிமிடம் மேசையைத் துடைக்கக்கூட ஆள் வரவில்லை. நெவென்கா சிரித்தாள். போஸில்கா அதை மன்னிக்கவே இல்லை. ஆறாவதில் குழு நன்றாக வாசித்தது, சமையல்காரர் அன்று காலைதான் வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஏழாவது 'பழைய எடைமேடை'. முன்பு தானிய வண்டிகளை எடைபோட்ட இடம். தாழ்வான கூரை, செங்கல் தரை. அங்கே மார்யானின் குழு. மார்யான் ஐம்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி, வாரநாட்களில் தபால் பிரிக்கும் வேலை. ஐந்து பேரும் மேசை மேசையாக வருவார்கள், சத்தம் போடமாட்டார்கள். யாருடைய மேசையில் நிற்கிறார்களோ அந்த மேசைக்காரர்கள் கேட்ட பாட்டு முடியும்வரை நகரமாட்டார்கள். அதுவரை வேறு மேசைக்காரர்கள் கூப்பிடவும் மாட்டார்கள்.

சூப்பு வந்தது. நெவென்கா கரண்டியைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், குடித்தாள். பிறகு இரண்டாவது கரண்டி குடித்தாள். என் அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். செங்கா ஓக்னெனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கரண்டியும் போனது. எல்லாம் முடிந்தது, இடம் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மார்யான் எங்கள் மேசைக்கு வந்தார். இரண்டு பாட்டு வாசித்தார். போஸில்காகூட வாயை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"மார்யான், எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடலாம்னு இருக்கோம். பொண்ணு வாசல் தாண்டும்போது வாசிப்பீங்களே, அதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க."

மார்யான் புரியாதது போலப் பார்த்தார். "இங்கயா?"

"வேற எங்க? துணி வாங்கறப்போ பிரிச்சுப் பாக்கறதில்லையா?"

"சம்பந்தியம்மா, வேண்டாம்" என்றேன் நான். ஓக்னென், "அம்மா" என்றான். என் அண்ணன்கூட, "அது வாசலுக்கு உண்டானது" என்றான். அந்த ஏழு ஞாயிறுகளில் அவன் பேசிய ஒரே வாக்கியம்.

"வாசலா? எந்த வாசல்? அவ போயி மூணு வருஷம் ஆச்சு, ரெண்டு பெட்டியோட. இப்ப வாசல்ல நிக்கவெச்சுப் பாட்டு வாசிக்கறதே நாடகம்தானே? நாடகத்துக்கு ஒத்திகை பாத்தா என்ன தப்பு? வாசிங்க மார்யான், நான் சொல்றேன்."

மேசையில் கேட்டால் வாசிப்பது அவர் தொழில். "பொண்ணோட அம்மா யாரு?" என்று கேட்டார். போஸில்கா முள்கரண்டியால் காட்டினாள். மார்யான் நெவென்காவின் இடதுபக்கம் வந்து, காதருகே குனிந்து, ஆரம்பித்தார்.

முதல் வரிகூட முடிந்திருக்காது. நெவென்கா கையை நீட்டித் தந்திகளின் மேல் அழுத்தினாள். உள்ளங்கையில் ரொட்டித் துகள்கள் ஒட்டியிருந்தன.

மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். கடைசியாகப் பெரிய வாத்தியம் இரண்டு தாளம் தனியாக அதிர்ந்து ஓய்ந்தது. கடை முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

மார்யான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "முப்பத்திரண்டு வருஷமா வாசிக்கறேன்" என்றார். "ஒருத்தன் என் தலையில பாட்டிலை உடைச்சிருக்கான், நான் நிறுத்தல. தந்தியில யாரும் கை வெச்சதில்ல."

நெவென்கா கையை எடுத்தாள். அவரைப் பார்க்கவில்லை, போஸில்காவைத்தான் பார்த்தாள்.

"என் பொண்ணை என் சூப்புத் தட்டுக்கு மேல வெச்சே கூட்டிட்டுப் போகப் பாக்கறியா?"

"ஐயோ, பாட்டும்மா! வெறும் பாட்டு!"

"வெறும் பாட்டுன்னா உன் கடையில போட்டுக்க. மயிரு கூட்டறப்போ கேளு."

"கேட்டியாடா ஓக்னென்? இந்தக் கேன்டீன்காரி பேசறதக் கேட்டியா?"

"கேன்டீன்காரிதான். நானூறு பேரு சாப்பிட்டாங்க. உன் கையால முடி வெட்டிக்கிட்டவங்க பூரா வீட்டுக்குப் போயி அழுதாங்க!"

மார்யான் வாத்தியத்தைத் துணியால் துடைத்தார். "இந்த அம்மா வீட்டு வாசல்ல நான் வாசிக்கமாட்டேன்" என்றார், அமைதியாக. "நான் மாட்டேன்னா இந்த ஊர்ல வேற யாரும் மாட்டாங்க." ஐந்து பேரும் சமையலறைப் பக்கம் போய்விட்டார்கள்.

செங்கா எழுந்து கோட்டை மாட்டினாள். "வியாழக்கிழமை. இந்த வாரம் இல்ல, அடுத்த வாரம். பதினொரு மணி. யாரும் வரவேண்டாம்." அம்மாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஓக்னென் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவள் பின்னால் போனான். என் அண்ணன் மிச்ச சூப்பைக் குடித்தான்.

அந்த வாரம் நெவென்கா மூன்று குழுக்களுக்கு போன் செய்தாள். முதல் ஆள் பெயரைக் கேட்டதும், "தந்தி அம்மாவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். செங்கா அம்மாவின் போனை எடுக்கவே இல்லை. நான் கூப்பிட்டபோது எடுத்து, "அத்தை, நீங்க நடுவுல வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தபோது, காலை ஒன்பது மணிக்கு நெவென்கா என் வீட்டு மணியை அடித்தாள். நல்ல கோட்டு போட்டிருந்தாள்.

"நாத்தனாரே, கிளம்பு. எனக்குக் கோபம் வந்தா கோட்டைப் பிடிச்சு இழு."

"எங்க போறோம்?"

"எங்க கை வெச்சேனோ அங்க."

எடைமேடையில் நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் கவிழ்த்திருந்தன. தரை ஈரமாக இருந்தது. மூலை மேசையில் மார்யான் ஒரு தந்தியை மாற்றிக்கொண்டிருந்தார், அவருடைய ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதிரில் எங்களுக்கு முதுகு காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தலையலங்காரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போஸில்கா.

நான் முன்கூட்டியே கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ இங்க என்ன பண்ற?" என்றாள் நெவென்கா.

"என் பையன் பத்து நாளா எங்கூடப் பேசல. உன்னாலதான்."

"ரெண்டு பேரும் வெளிய போய் சண்டை போடுங்க" என்றார் மார்யான், தலைநிமிராமல். "தரை காயட்டும்."

நெவென்கா அவர் முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் நிற்பது போல நின்றாள். "மார்யான், கை என்னோடது. தப்பும் என்னோடது. உங்க வாத்தியத்துல கை வெச்சிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, மறுபடியும் சூப்பு மேசையில அதை வாசிச்சீங்கன்னா மறுபடியும் வெப்பேன்."

ஆட்களில் ஒருவர் காபிக் கோப்பைக்குள் சிரித்தார். மார்யான் தந்தியை முறுக்கினார், தட்டிப் பார்த்தார். "நான் வாசிச்சதும் தப்புதான்" என்றார். "பத்து நாளா அதுதான் மனசுல ஓடுது. கேட்டதுக்காக எல்லாத்தையும் வாசிக்கக் கூடாது."

"கேட்டியா?" நெவென்கா போஸில்கா பக்கம் திரும்பினாள். "ஊருக்கே தெரியுது, உனக்கு மட்டும் தெரியல. கேக்கறதுக்கு உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா? ஏன் இதைக் கேட்ட? என் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தானே?"

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு நான் ஏன் பாட்டு கேக்கணும்? ஏழு வாரமா சும்மாதானே பாத்தேன்!"

"பின்ன எதுக்கு?"

போஸில்கா எழுந்தாள். கைப்பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "உனக்குப் பொண்ணு இருக்கு. உன் வாசல்ல வந்து உன் காதுல வாசிப்பாங்க. எனக்கு ஒரே பையன். நாப்பது வருஷமா இந்த ஊர்ல எத்தன பொண்ணுங்களுக்குக் கல்யாணத்தன்னைக்குத் தலைவாரி விட்டிருக்கேன் தெரியுமா? அவங்க அம்மாக்களுக்கும் நான்தான். வாரி முடிச்சதும் எல்லாரும் வாசலுக்குப் போயிருவாங்க, நான் உள்ள நின்னு சீப்பு கழுவிட்டு இருப்பேன். ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல. எவன் என் காதுல வாசிப்பான்? சொல்லு! எவன் வாசிப்பான்?"

வெளியே எங்கோ கிரேன் ஒன்று இரும்பை இறக்கிய சத்தம் கேட்டது. நான் பிடித்திருந்த கோட்டின் நுனி என் கையிலேயே இருந்தது. நெவென்கா இழுக்கவில்லை.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றாள் கடைசியில். குரலில் இரக்கம் எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "வாய் என்ன, முடிவெட்ட மட்டுமா?"

"உங்கிட்டயா? உங்கிட்ட சொல்றதுக்குப் பதிலா நான் தொழிற்சாலை கேட்டுல போய் நின்னு கத்தியிருப்பேன்."

நெவென்கா மார்யான் பக்கம் திரும்பினாள். "இவளுக்கு வாசிங்க. முழுசா."

மார்யான் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யாரு கேக்கற பாட்டு?"

"நான் கேக்கறது. காது அவளோடது."

"உன் பிச்சை எனக்கு வேண்டாம்!" என்றாள் போஸில்கா.

"பிச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காரு. வாய மூடிட்டு கேளு. நாத்தனாரே, நீ வா. நாம வெளிய நிப்போம். எனக்கு அது செப்டம்பர்ல."

பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனோம். குப்பைத் தொட்டிகள், காலி பாட்டில் கூடைகள், எதிரே பாதி கட்டின கட்டடம். நெவென்கா இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நான் விட்டுக்கொள்ளவில்லை, எனக்குப் பெண் குழந்தையும் இல்லை, பையனும் இல்லை. சமையலறைக் காற்றுத் துளை வழியாகப் பாட்டு கேட்டது. மெதுவாகத்தான் வாசித்தார்கள். ஒருமுறை நின்று, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. எதிர்க் கட்டடத்தில் பலகை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்தார், பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

முடிந்ததும் நான் நெவென்காவின் முழங்கையைத் தட்டினேன். விரலை எடுத்து, கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

போஸில்கா கைப்பையோடு வெளியே வந்தாள். கண்மை கொஞ்சம் கலைந்திருந்தது. "ரெண்டாவது ஆளு தாளத்துல பிந்தறான்" என்றாள்.

"அப்ப வேற குழு தேடறியா?"

"அப்படி நான் சொன்னேனா?"

மார்யான் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "செப்டம்பர் பதினாலு" என்றார். "காலைல ஒம்பது மணிக்கு பச்சை கேட்டு முன்னாடி நிப்போம். உங்க ரெண்டு கையும் கோட்டுப் பாக்கெட்டுல இருக்கணும்."

"செப்டம்பர்ல எவ கோட்டு போடுவா?" என்றாள் நெவென்கா. ஆனால் மறுக்கவில்லை.

செங்கா வீட்டுக்கு மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நெவென்கா முன்னால், போஸில்கா பின்னால், நான் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற செங்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். எங்கள் மூவரையும் பார்த்ததும் கழற்றினாள்.

"மன்னிப்பு கேட்டியாம்மா?"

"மார்யான்கிட்ட கேட்டேன். இவகிட்ட கேக்கல."

"நீங்க?"

"நானும் கேக்கல" என்றாள் போஸில்கா.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசியில் நெவென்காதான் வாய் திறந்தாள். "பாட்டை இவளுக்கு வாசிச்சாங்க. நான் கேட்டு வாங்கிக் குடுத்தேன். நான் வெளிய நின்னேன்."

செங்கா இந்த ஊரில் பிறந்தவள். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு சொன்னாள்: "எடைமேடையிலதான் விருந்து. நீங்க ரெண்டு பேரும் வேற வேற மேசை. நடுவுல மார்யான் குழு நிக்கும். அம்மா, நீ சமையலறைக்குள்ள காலை வெக்கக் கூடாது. வியாழக்கிழமைக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்." மூச்சு விட்டுவிட்டு, "இப்ப எனக்கு மீட்டிங் இருக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

போஸில்கா லிஃப்டைக் கூப்பிட்டாள். கதவு திறந்தது. நெவென்கா உள்ளே இருந்த இடத்தைப் பார்த்தாள், போஸில்காவைப் பார்த்தாள், படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். ஒன்பது மாடி. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, வலது முட்டியில் நீர் கோத்திருக்கிறது.

நானும் போஸில்காவும் கீழே காத்திருந்தோம். "நீங்க போங்க சம்பந்தியம்மா" என்று சொல்லிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. நெவென்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, கடைசிப் படியில் வந்து நின்றாள்.

"முட்டி இருக்கா இன்னும்?" என்று கேட்டாள் போஸில்கா. "செப்டம்பர்ல ஆடணுமே."

நெவென்காவுக்கு மூச்சு வாங்கியதில் பதில் வரவில்லை. கையை மட்டும் தூக்கி, இரு, இரு என்று காட்டினாள்.

போஸில்கா நின்றாள். பதில் வரும்வரை நின்றாள்.